கம்ஃபர்ட் ஜோன் எங்கிட்டு இருக்கு?

போன மாசம் எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் தலைமைப் பண்புப் பயிற்சி என்று ஒன்று நடந்தது. சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். நல்ல பையன். எங்கள் மண்டபம் ஊர் வெயிலில் முகம் கன்றிப்போயும் இரண்டு மணி நேரம் சளைக்காமல் பேசினார். திரையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டி, "இதுதான் உங்க கம்ஃபர்ட் ஜோன். எல்லாரும் இதுக்குள்ளயே உக்காந்திருக்கீங்க. தைரியமா வெளியே வாங்க" என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்ததெல்லாம் கடற்பாசி எடுக்கிற பெண்கள். என் பக்கத்தில் இருந்த பெரியம்மா காதோரம் குனிந்து கேட்டது: "சொகுசா இருக்கிற எடமாம்ல? அது எங்கிட்டு இருக்குன்னு கேளுடி. நான் போயி செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்று ராத்திரி யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன் பக்கம் பாசி எடுப்பது பெரும்பாலும் பெண்களின் தொழில். அகார் என்கிற கூழ்ப்பொருள் எடுக்கிற மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர், ஒரு விலை. விரலுக்கெல்லாம் பழந்துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். பாறையில் ஒட்டியிருப்பதைக் கையாலேயே பிய்த்து எடுக்க வேண்டும். முள் குத்தும், பாறை கிழிக்கும், சொறி மீன் பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். பெரியம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தால் ரேகை எது, வெட்டுத் தழும்பு எது என்று பிரிக்க முடியாது. ஒரு ஜோசியக்காரன் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, காசு வாங்காமல் எழுந்து போயிருக்கிறான்.

அப்பேர்ப்பட்ட பெரியம்மாவை, பயிற்சி முடிந்ததும், "மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்று அந்தத் தம்பி கூப்பிட்டார். பெரியம்மா எழுந்து போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டது. வரவே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷர் விட்டுவர மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிற இடம் சொகுசான இடமாக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. பழகின இடமாக இருந்தால் போதும். ரத்தம் வந்தாலும் பழகிவிட்டால் அது நம்ம இடம். எங்கள் பெண்களுக்குக் கடல் பழகின இடம். பிளாஸ்டிக் நாற்காலி போட்ட கூட்டமும், எதிரே நீட்டுகிற மைக்கும்தான் ஆழம்.

நான் மட்டும் ஒழுங்கா? பி.காம். படித்தவள் என்று எங்கள் மகளிர் குழுவில் என்னைத் தலைவியாக்கினார்கள். ஆக்கினார்கள் என்பதுகூடத் தப்பு. எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி விலகிக்கொண்டார்கள், மிச்சம் நின்றது நான். யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் தலைவி என்றால் என்ன தெரியுமா? பேங்குக்குப் போகிற அன்றைக்குப் பாசி இல்லை, வருமானம் இல்லை. பஸ் காசு கைக்காசு. லோன் வந்தால் "குழுவால வந்துச்சு", வராவிட்டால் "இவளால போச்சு". கணக்கில் அம்பது ரூபாய் இடித்தால் தெருக்குழாயடியில் நம்ம பேர்தான். இத்தனைக்கும் மேல் வீட்டில், "ஊரைத் திருத்தக் கெளம்பிட்டியாக்கும்?" தைரியம் இல்லை, தைரியம் இல்லை என்று பெண்களைச் சொல்கிறார்களே, இந்தச் செலவுக் கணக்கை யாராவது திரையில் போட்டுக் காட்டினார்களா? (உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் எத்தனை ஊரில் நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்பதைத் தனிப் பதிவாகப் போடுகிறேன். இப்போது ஆரம்பித்தால் நிற்காது.)

முதல் தடவை ராமநாதபுரத்தில் ஒரு கூட்டத்தில் பேசப் போனேன். கையில் மனு. ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்தது. மைக் வந்ததும் "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். அடுத்த வரி வரவில்லை. மறுபடியும் "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். யாரோ சிரித்தார்கள். மனுவைப் பார்க்கலாம் என்றால், உள்ளங்கை வேர்வையில் மடிப்பு ஓரத்து எழுத்தெல்லாம் ஊறி நீலமாகக் கிடக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த பெரியம்மா விரலால் என் முதுகில் குத்தி, "அவக்கு அவக்குனு மூச்சு இழுக்காதடி. தண்ணிக்குள்ள போற மாதிரி ஒண்ணு இழு, போ" என்றது. போனேன். பேசினது எல்லாம் நினைவில்லை. கேட்டதில் ஒன்று நடந்தது, இரண்டு நடக்கவில்லை.

நீச்சல் கற்றதும் இப்படித்தான். கரையில் நின்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு யாரும் குதிக்கவில்லை. அம்மா கையைப் பிடித்து இழுத்தது, மூக்கில் தண்ணீர் ஏறியது, அழுதேன், இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனேன். அதோடு இன்னொன்றும் உண்டு. பாசிக்கு யாரும் தனியாகப் போக மாட்டோம். ஒருத்தி உள்ளே போனால் பக்கத்தில் இன்னொருத்தி தலை தெரியும். தனியாகப் போகிறவளுக்கு எங்கள் ஊரில் தைரியசாலி என்று பேர் இல்லை, கிறுக்கி என்றுதான் பேர். ஒத்தை ஆளாக நின்று சாதித்தார் என்று போடுகிற கதைகளை நான் அவ்வளவாக நம்பாததற்கு இதுதான் காரணம். என் முதுகில் குத்திய விரலை எந்தப் போட்டோவிலும் பார்க்க முடியாது.

முதல் ஆளாக இறங்குவதைக்கூடத் தலைமை என்று நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். காற்று திரும்புகிற வாடையை உணர்ந்து, பை பாதிதான் நிறைந்திருக்கிறது என்று மற்றவர்கள் முறைக்கும்போதே, "போதும், வள்ளத்துல ஏறுங்கடி" என்று சொல்கிறாளே, அவளுக்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். எதிராளியைப் பார்த்துக் கத்துவது சுலபம், ஊரே கை தட்டும். நம்ம ஆளிடம் "வேண்டாம்" என்று சொன்னால் யாரும் தட்ட மாட்டார்கள்.

பாசி எடுக்கிற பெண்களின் தலைவியான பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அக்காவைப் பற்றி நான் நினைப்பதும் இதை வைத்துத்தான். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவானது. தலைமுறையாகப் பாசி எடுத்த இடம், போகக்கூடாத இடமானது. பிழைப்பு போச்சே என்று சண்டை போடுவதில் நியாயம் உண்டு, போட்டார்கள். ஆனால் அதோடு நிற்காமல் அந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். மாசத்தில் 12 நாள்தான் பாசி, இரும்பால் சுரண்டுவது கூடாது, கையால் மட்டும். பாசி எடுத்தால்தான் அடுப்பு எரியும் என்கிற வீட்டில் போய் மாசத்தில் பாதிக்கு மேல் எடுக்காதே என்று சொல்வதை யோசித்துப் பாருங்கள். 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காக்கிற அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு அந்த அக்காவுக்கு விருது கொடுத்தது. விருது பெரிய விஷயம்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அந்த 12 நாள் பேச்சை முதன்முதலாக எடுத்த அன்றைக்குச் சொந்தக்காரிகள் முகம் எப்படிப் போயிருக்கும் என்பதுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. தொண்டி அருகே வலமாவூரில் 127 கோடிக்கு மேல் செலவில் பாசி வளர்ப்புக்கென்று கடற்பாசிப் பூங்கா வருகிறது. பாசி இனி பெரிய வியாபாரம். கூட்டம் நடக்கும், நாற்காலி போடுவார்கள். எந்தப் பாறையில் எந்த மாசம் எது முளைக்கும் என்று தெரிந்தவர்கள் தூணுக்குப் பின்னால் நின்றால், தெரியாதவர்கள் அந்த நாற்காலியில் உட்காருவார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. இடம் காலியாக இருந்தால் யாராவது உட்காரத்தானே செய்வார்கள்?

பாம்பனில் 2016-லிருந்து கடல் ஓசை 90.4 ஓடுகிறது. மீனவர்களுக்கென்றே உள்ள ரேடியோ. நம்ம ஊர்ப் பேச்சு அதில் கேட்கும்போது பெரியம்மா வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். "இவளும் நம்ம மாதிரித்தான பேசுறா?" என்று போன வாரம் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

குழுவில் என் முறை முடிகிறது. அடுத்து யார் என்று கேட்டதும் வழக்கம்போல எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் பெரியம்மா முதுகில் விரலால் ஒரு குத்து விட்டேன். திரும்பி முறைத்தது. ரொம்ப நேரம் கழித்து, "மைக்கு மட்டும் பிடிக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றது. அதற்கு ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

நேற்று ராத்திரி போனபோது கரண்ட் பில்லுக்குப் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தது. பேனா அந்த விரலுக்குள் நிற்க மாட்டேன் என்கிறது, வழுக்கி வழுக்கி விழுகிறது. பேனாவில் பழந்துணியைச் சுற்றி மறுபடியும் எழுத ஆரம்பித்தது. திங்கட்கிழமை பேங்குக்குப் போகணும், நீயும் கூட வா என்று சொல்லியிருக்கிறது.