318டி-யில் இருப்பதும் 2 லிட்டர் எஞ்சின்தான்
பிஎம்டபிள்யூ 318டி டூரிங்கில் (பின்புறம் நீண்ட எஸ்டேட் வகைக் கார்) 1.8 லிட்டர் எஞ்சின், 320டி-யில்தான் 2 லிட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 2015-க்குப் பிந்தைய எஃப்31 என்ற உள்குறியீடு கொண்ட 3 சீரிஸ் டூரிங்கில் இரண்டுமே 1995 சிசி, நான்கு சிலிண்டர் டீசல்தான். 318டி 150 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 320டி 190, 400. பெயரில் உள்ள எண் எஞ்சின் அளவு அல்ல, திறன் வரிசையைத்தான் காட்டுகிறது. ஒரு காலத்தில் எண்ணும் அளவும் ஒத்துப்போனதால் இந்தக் குழப்பம் வருவது இயல்புதான்.

அப்புறம், 318டி-யில் பொருள் வைக்க இடம் குறைவு என்பதும் சரியல்ல. இரண்டிலும் அதே 495 லிட்டர், பின் இருக்கையை மடக்கினால் 1500. பின்கண்ணாடியை மட்டும் தனியாகத் திறக்கும் வசதியும் இரண்டிலும் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். பழைய வண்டி வாங்குபவர் எண்ணைப் பார்த்து 318டி-யை ஒதுக்கிவிட வேண்டாம்.