உறுப்பினர் அட்டை இல்லாமலும் நூலகத்துக்குள் போகலாம்

"கிளை நூலகத்தில் சந்தா கட்டினால்தான் உள்ளேயே விடுவார்கள், அதுவும் அரசு போடும் தர்மம்தான், குறை சொல்ல முடியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் போகாமல் இருந்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டின் பொது நூலகங்களில் உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது. நாளிதழ், வார இதழ், போட்டித் தேர்வுப் புத்தகம், குழந்தைகளுக்கான கதைப் புத்தகம் எதை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் உறுப்பினர் ஆக வேண்டும். அதற்கு ஒரு காப்புத்தொகையும் சிறிய ஆண்டுச் சந்தாவும் கட்டவேண்டும். உறுப்பினராக வேண்டாம் என்று விலகினால் காப்புத்தொகை திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது அந்த 'தர்மம்'. இதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. 1948இல் அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது, நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதனின் பெருமுயற்சியால் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியையும் நாம் கட்டுகிறோம். இப்போது அது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் தனியாகவே குறித்திருக்கும். உள்ளாட்சி அமைப்பு வசூலித்து, மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் தர வேண்டிய பணம் அது. அதனால் மின்விசிறி ஓடவில்லை, புதுப் புத்தகம் வரவில்லை என்றால் தாராளமாகக் கேட்கலாம், எழுதியும் கொடுக்கலாம்.

அப்புறம், கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று திறந்திருக்கும், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.