ஃபியூஸ் போன பல்புல விளக்கு செய்றவங்க தயவுசெஞ்சு பசையை விட்ருங்க

ஃபியூஸ் போன எல்இடி பல்பை நான் இப்பல்லாம் தூக்கிப் போடறதே இல்ல. மேல இருக்கற வெள்ளை மூடியை லேசா நெம்பினா கழண்டு வந்துரும், உள்ள அலுமினியத் தகட்டுல சின்னச் சின்னதா மஞ்சள் புள்ளிங்க இருக்கும், பல பல்புல அதுல ஒண்ணுல மட்டும் கறுப்பா பொட்டு வச்ச மாதிரி தெரியும், எல்லாம் சீரியல் கனெக்ஷன்ங்கறதால அது ஒண்ணு போனதுமே மொத்தமும் அணைஞ்சிருக்கும். மத்தபடி மூடி புதுசு மாதிரியே இருக்கு. அதுக்குள்ள வெளிச்சம் பட்டா கண்ணு கூசாம பால் மாதிரி பரவுது.

முதல்ல செஞ்ச விளக்குல எல்லாத்தையும் க்ளூ கன் வச்சுதான் ஒட்டினேன். ஜூஸ் டப்பாவை வெட்டி வெள்ளிப் பக்கத்தை உள்ள திருப்பி, மூடிங்களைச் சுத்தி ஒட்டி, பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு. சூட்டுல பசை இளகி ஒரு பக்கம் தொங்கிருச்சு. பிரிக்கப் பாத்தா பிளாஸ்டிக்கும் அட்டையும் சேர்ந்தே கிழியுது, கடைசில மொத்தமா குப்பைக்குத்தான் போச்சு. அந்த டப்பாவே அட்டை, பிளாஸ்டிக், அலுமினியம்னு அடுக்கடுக்கா ஒட்டினது, அதனாலதான் அதை ரீசைக்கிள் பண்றது கஷ்டம், நானும் அதே தப்பைத்தான் பண்ணிருக்கேன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது.

இங்கிலாந்துல ஸ்டூவர்ட் ஹேகார்த்னு ஒருத்தர், கென்ட் பக்கம் டன்ஜெனஸ் கடற்கரைல ஒதுங்கின பிளாஸ்டிக்கைப் பொறுக்கி 'டைட்'னு (கடல் ஏத்த இறக்கம்னு அர்த்தம்) ஒரு சரவிளக்கு செஞ்சார். ஒவ்வொரு துண்டும் தனித்தனி தூண்டில் நரம்புல தொங்கும், எட்ட நின்னு பாத்தா முழு உருண்டை, கடலை இழுக்கற நிலா மாதிரி. 1991ல நெதர்லாந்துல டேயோ ரெமிங்கற டிசைனர் 12 பழைய பால் பாட்டிலை, பால் கிரேட்ல இருந்த மாதிரியே மூணுக்கு நாலா தொங்கவிட்டு விளக்காக்கினார். பாட்டில் பாட்டிலாவே இருக்கு. எனக்குப் பிடிச்சது அதுதான்.

அதனால இப்ப தூண்டில் நரம்பு, கட்டுக்கம்பி, அட்டையில மடிப்பு, இவ்ளோதான். உள்ள 3 வாட் எல்இடி மட்டும். குண்டு பல்பை அட்டைக்குள்ள வைக்கவே வைக்காதீங்க, அது இழுக்கற கரண்ட்ல பெரும்பகுதி சூடாத்தான் போகுது.

இன்னொண்ணு, இதைக் கோவமாவே சொல்றேன். சிஎஃப்எல் பல்பையும் டியூப் லைட்டையும் வெட்டி கலைப்பொருள் செய்யாதீங்க. உள்ள பாதரசம் இருக்கு, சில மில்லிகிராம்தான், ஆனா குழந்தைங்க இருக்கற வீட்ல அது எதுக்கு? தவறி உடைஞ்சா ஜன்னலைத் திறந்துட்டு பத்து நிமிஷமாவது எல்லாரும் வெளிய போயிருங்க, துடைப்பம் போடாதீங்க, தடிச்ச அட்டையால வழிச்சு மூடி போட்ட டப்பால அடைச்சு வைங்க.

நேத்து பாப்பா அடிச்ச பந்து பட்டு என் விளக்குல ரெண்டு மூடி விரிசல் விட்ருச்சு. ஸ்விட்சை ஆஃப் பண்ணி முடிச்சை அவுத்து வேற ரெண்டு மாட்டினேன், மூணாவது முடிச்சை அவளே போட்டா.