தாம்பரத்தில் கிளம்பிய விமானமும் பள்ளிக்கரணையின் நீர்மூழ்கியும்

2016 ஜூலை 22 காலை தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானத்தில் 29 பேர் இருந்தார்கள். வங்கக்கடலுக்கு மேலே போனபோது விமானம் காணாமல் போனது. கப்பல், விமானம், நீர்மூழ்கிக் கப்பல் என்று எல்லாவற்றையும் அனுப்பித் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த செப்டம்பரிலேயே, 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதுகிறோம் என்று குடும்பங்களுக்குச் சொல்லிவிட்டார்கள்.

ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், அதன் பாகங்கள் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடப்பது படத்தோடு தெரியவந்தது. கண்டுபிடித்தது தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி. அந்த நிறுவனம் இருப்பது பள்ளிக்கரணையில், வேளச்சேரி–தாம்பரம் சாலையில். விமானம் கிளம்பிய ஊருக்குப் போகிற அதே சாலை. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்த 29 பேர் நினைவுக்கு வருவார்கள்.

"அன்றைக்கே ஏன் கண்டுபிடிக்கவில்லை?" என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. பதில் இயற்பியலில் பாதி, நம் முன்னுரிமைகளில் பாதி.

கடல்நீருக்குள் ரேடியோ அலை அதிக தூரம் போகாது. வெளிச்சமும் அப்படித்தான். தூரம் போவது ஒலி மட்டும், வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். சரி, கப்பலிலிருந்தே ஒலியை அனுப்பித் தேடலாமே? சோனார் என்கிற, எதிரொலியை வைத்துத் தேடும் கருவியின் ஒரு டிகிரி அகலமுள்ள நல்ல ஒலிக் கற்றைகூட 3,400 மீட்டர் கீழே போய்ச் சேரும்போது 60 மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். ஏஎன்-32 முழுசாக இருந்தாலே 24 மீட்டர்தான் நீளம். உடைந்து சிதறியது எப்படித் தெரியும்?

அதனால்தான் கருவியே கீழே இறங்க வேண்டியிருக்கிறது. அங்கே ஜிபிஎஸ் கிடையாது. தன் வேகத்தையும் திசையையும் தானே கணக்குப் போட்டுக்கொண்டு, தரையை ஒட்டி வயலில் ஏர் ஓட்டுவதுபோல வரிவரியாகப் போய் வரும். ஒலியைப் பக்கவாட்டில் சாய்வாக அனுப்பும். சாயங்கால வெயிலில் மணலில் கிடக்கிற சிப்பிக்குக்கூட நீளமாக நிழல் விழுமே, அதேபோலக் கடலடிப் பொருளுக்குப் பின்னால் எதிரொலி வராத ஒரு நிழல் விழும். இந்தத் துறையில் இருப்பவர்கள் பல சமயம் பொருளைவிட அந்த நிழலைப் பார்த்துத்தான் அது என்னவென்று சொல்வார்கள்.

கல்லூரிக் காலத்தில் ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் பக்கம் ஒரு வள்ளத்திலிருந்து ஹைட்ரோபோன், அதாவது தண்ணீருக்குள் கேட்கும் மைக், இறக்கியிருக்கிறேன். வள்ளக்கார அண்ணன் என்ஜினை நிறுத்தினார். ஹெட்போனில் படபடவென்று ஒரே சத்தம், எண்ணெய்யில் கடுகு வெடிக்கிற மாதிரி. கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். சொடுக்கு இறால்கள் போடும் சத்தம் என்று அப்புறம்தான் தெரிந்தது. அண்ணனிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், "தம்பி, இத வச்சு கடல்ல போன ஆளைத் தேட முடியுமா?" என்றார். அவர் யாரை நினைத்துக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைத்தான் நம் திட்டங்களிடம் நானும் கேட்கிறேன். விமானத்தைக் கண்டுபிடித்த நீர்மூழ்கி நார்வேயில் வாங்கியது. 6,000 மீட்டர்வரை இறங்கும். கடலடிக் கனிமங்களை ஆராய வந்த கருவி. 2021இல் அரசு ஒப்புதல் கொடுத்த ஆழ்கடல் திட்டத்தின் மதிப்பு 4,077 கோடி ரூபாய். கனிமம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காணாமல் போனவர்களைத் தேடுவதும் அதே அளவுக்கு முக்கியமான வேலையாக, தனி ஆட்களோடும் தனி நிதியோடும் இருக்க வேண்டும் என்கிறேன். 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தை, சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில், இரண்டு வருஷத்துக்குள் ஆளில்லா நீர்மூழ்கிகள் கண்டுபிடித்தன. கறுப்புப் பெட்டிகளையும் மேலே எடுத்தார்கள். விபத்துக்குக் காரணம் தெரிந்தது. நம்மிடம் அப்படி ஒரு கருவி 2016இல் தயாராக இருந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் ஏழரை வருஷம் காத்திருந்திருக்க வேண்டாம்.

கருவியை வாங்கினால் மட்டும் போதாது. சோனார் தலை, ஆழ்கடல் பேட்டரி, அழுத்தம் தாங்கும் இணைப்பிகள் எல்லாம் இங்கேயே செய்ய வேண்டும். சென்னை ஐஐடியில் கடல் பொறியியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. ஆனால் நீரொலியியல் படிக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், "அதுக்கு வேலை கிடைக்குமா?" என்றுதான் வீட்டில் கேட்கிறார்கள். அந்த வேலைகளை உருவாக்க வேண்டியது அரசு.

இன்னொன்று உடனே செய்யக்கூடியது. கடலுக்கு மேலே பறக்கிற எந்த விமானமும், ராணுவ விமானம் உட்பட, நீரடி ஒலிப்பான் இல்லாமல் கிளம்பக் கூடாது. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன உருளை அது. ஏர் பிரான்ஸ் விபத்துக்குப் பிறகு அதன் பேட்டரி ஆயுளை 30 நாளிலிருந்து 90 நாளாகக் கூட்டினார்கள். தண்ணீர் பட்டதும் தானாகவே வேலை செய்யத் தொடங்கும். 37.5 கிலோஹெர்ட்ஸில், நம் காதுக்குக் கேட்காத ஒலியில், வினாடிக்கு ஒரு முறை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.