தேதி கேட்டால் குற்றமா?

கோர்ட் வராந்தாவில் ஒரு பெண் தன் வழக்கின் அடுத்த வாய்தா எப்போது என்று அரசு வழக்கறிஞரிடம் கேட்கும் அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதற்கு அந்த அரசு வழக்கறிஞர் சொன்ன பதிலுக்கு ஆளாளுக்குக் கைதட்டுவதைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. "நான் உங்க வக்கீல் இல்லம்மா, அரசாங்கத்தோட வக்கீல்." ஆஹா, என்ன சட்ட அறிவு!

சட்டப்படி அவர் சொன்னது சரிதான். குற்ற வழக்கு அரசுக்கும் எதிரிக்கும், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கும், இடையில் நடப்பது. அடிபட்டவரும் பறிகொடுத்தவரும் அதில் வெறும் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி. எப்பாடுபட்டாவது தண்டனை வாங்கித் தருவது பி.பி.யின், அதாவது அரசு வழக்கறிஞரின், வேலை இல்லை. எதிரிக்குச் சாதகமான விஷயம் இருந்தாலும் அதை மறைக்காமல் கோர்ட்டில் வைக்க வேண்டியவர் அவர். இதெல்லாம் எனக்கும் தெரியும். காலையிலிருந்து பாடம் எடுக்கும் வக்கீல் நண்பர்களுக்கு நன்றி.

ஆனால் அந்தப் பெண் என்ன கேட்டார்? கேஸை ஜெயித்துக் கொடுங்கள் என்றா கேட்டார்? அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டார். அதைச் சொல்வது யார் வேலை? இதற்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

என் அத்தையின் சங்கிலிப் பறிப்பு வழக்கில் நானும் கூடப் போயிருக்கிறேன். கூண்டில் ஏறுவதற்கு முன் என்ன நடக்கும், யார் என்ன கேட்பார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பழுப்புக் கவரின் அரக்கு சீலை உடைத்து, நூலில் எண் சீட்டு கட்டிய தாலிச் சங்கிலியை வெளியே எடுத்தார்கள். கொக்கிப் பக்கம் அறுந்திருந்தது. அத்தை கழுத்தில் தழும்பும் அதே பக்கம்தான். "இது உங்களுதா?" அத்தை கையை நீட்டினார். "தொடாதீங்கம்மா, பார்த்துச் சொல்லுங்க." அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல், "இதே மாதிரி சங்கிலி கடையில நிறைய இருக்கும்தானே?" என்றார். அத்தை பொய் சொல்லத் தெரியாதவர். "ஆமாங்க, இருக்கும்" என்றார். கேஸைத் தானே கெடுத்துவிட்டதாக நினைத்து, கீழே இறங்கியதும் அழுதார். அரசுத் தரப்பிலிருந்து 'பரவாயில்லம்மா' என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

தீர்ப்பு வந்ததும் எங்களுக்குத் தெரியாது. நகை விஷயமாக விசாரிக்கப் போன இடத்தில்தான், "அது விடுதலை ஆயிடுச்சே" என்றார்கள், மழை பெய்ததைச் சொல்வதுபோல. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம் என்று 2009 இறுதியிலேயே சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அருமையான உரிமை. தீர்ப்பு வந்ததையே சொல்லாவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

"பி.பி.க்கு எத்தனை கட்டு ஃபைல் தெரியுமா?" என்கிறார்கள். தெரியும். ஒரே ஆள் காலையிலிருந்து மாலை வரை கட்டு மாற்றி கட்டு ஓடுவதை நானும் பார்த்திருக்கிறேன், பாவமாகத்தான் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், அவரே உட்கார்ந்து பேச வேண்டாம், அந்த அலுவலகத்தில் அதற்கென்று ஓர் ஆளைப் போடுங்கள். அமெரிக்காவில் பல மாவட்ட அட்டர்னி (அங்கத்து அரசு வழக்கறிஞர்) அலுவலகங்களில் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள். வாய்தா தேதி சொல்வார்கள், கோர்ட்டுக்குக் கூட வருவார்கள். காசுக்கு எங்கே போவது என்றால், அங்கே 1984 சட்டப்படி குற்றவாளிகள் கட்டும் அபராதத்தையே ஒரு நிதியாகச் சேர்த்து இத்தகைய உதவிகளுக்குக் கொடுக்கிறார்கள்.

"பாதிக்கப்பட்டவரோடு ஒட்டிக்கொண்டால் பி.பி.யின் நடுநிலை என்ன ஆகும்?" தேதி சொன்னால் நடுநிலை போய்விடுமா ஐயா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, வழக்கு நடவடிக்கைகளைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கும் கடமையைச் சிறப்பு அரசு வழக்கறிஞர் மீதோ மாநில அரசு மீதோதான் வைக்கிறது. 2016 ஜனவரியிலிருந்து இதுதான் சட்டம். அந்த வழக்குகளில் நடுநிலை செத்தா போயிற்று? 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. ஆனால் அது போலீசுக்கு. குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனபிறகு?

"சொந்தமா வக்கீல் வச்சுக்க வேண்டியதுதானே" என்கிறார் ஒருவர். வைக்கலாம். ஆனால் அந்த வக்கீல் பி.பி.க்கு உதவலாமே தவிர, தானே சாட்சியை விசாரிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஃபீஸ் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து சீட்டு எழுதி நீட்ட வேண்டும். பொய் வழக்கு, பொய் வழக்கு என்று கத்துகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் நடக்காமல் இருக்கட்டும்.

எனக்கு உண்மையில் வயிறு எரிவது வேறொன்றுக்கு. 'சாட்சி பல்டி' என்று செய்தி வந்ததும் எல்லோரும் பொங்குவீர்கள், காசு வாங்கிவிட்டாள் என்பீர்கள். எதிரி வீட்டார் வாராவாரம் வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். மிரட்டுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், பெரியவர்களைக் கூட்டி வருகிறார்கள். அரசுத் தரப்பிலிருந்து ஒரு போன்கூட இல்லை. அந்த மனுஷி எத்தனை நாள் தாங்குவார்? 2018இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு குழு உண்டு. மாவட்ட நீதிபதி தலைவர். உறுப்பினர் செயலாளர் யார் தெரியுமா? அந்த மாவட்ட அரசு வழக்குத் துறையின் தலைவர்! மனு போய்ச் சேர வேண்டிய இடமே அந்த அலுவலகம்தான். இதை எந்த சாட்சியிடமாவது யாராவது சொல்லியிருக்கிறார்களா?

இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம் என்பதும், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதும், அதற்கு 15100 என்ற எண் இருப்பதும் இதே கதைதான். ஆள் போட நிதி இல்லை என்றால் போகட்டும், அந்த எண்ணையாவது பி.பி. அறைக் கதவில் ஒட்டுங்கள். 'செல்போனை அணைத்து வைக்கவும்' போர்டுக்குக் கீழே நிறைய இடம் காலியாகத்தான் இருக்கிறது.