படம் இருக்கிறது, உழைப்பைக் காணோம்

எந்தப் புகைப்படத் திருத்த மென்பொருள் நல்லது என்று கேட்டால் எல்லோரும் வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்களைப் பற்றியே பேசுகிறார்கள். என் வயிற்றெரிச்சல் வேறு. நான் வருடக்கணக்கில் பயன்படுத்திய மென்பொருளை நிறுத்திவிட்டார்கள். கேமரா பதிவு செய்த மூலப் படங்களான ரா கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து போட்ட நட்சத்திர மதிப்பீடுகள், ஆல்பங்கள், திருத்தங்கள் எல்லாம் அதன் கேட்டலாக் என்னும் சொந்தப் பதிவேட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று. முகத்து நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, கண்ணோரச் சுருக்கம் தெரியும்வரை திருத்தியிருந்தேன். புதிய மென்பொருளில் திறந்தால் மறுபடியும் இருட்டு முகம்.

நட்சத்திரத்தையும் குறிச்சொற்களையும் படத்துக்குப் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சின்னக் குறிப்புக் கோப்பில் எழுதி வைத்தால் பிற மென்பொருள்களும் படித்துக்கொள்ளும். டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருள் அதைத் தானாகவே எழுதிவிடுகிறது. அதுவும் இலவச மென்பொருள். அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் கிளாசிக்கில் நாமே செட்டிங்ஸில் தேடிப் போய் இயக்க வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே திரையில் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

சரி, ஸ்லைடர் திருத்தங்களுக்கு அதுவும் உதவாது. ஒரு மென்பொருளின் கணக்கு இன்னொன்றுக்குப் புரியாது. அதனால் இப்போது பிடித்த படங்களைப் பழைய மென்பொருளிலிருந்தே ஒவ்வொன்றாக, திருத்தம் படத்திலேயே பதிந்துவிடும் 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். பாட்டி படத்தை முதலில் எடுத்துவிட்டேன்.