தொட்டால் தெரிவது மட்டும் போதாது

"காலைத் தொட்டா தெரியுது, அப்ப நரம்பு நல்லாத்தான் இருக்கு, சுகர் இருந்தாலும் வெறுங்காலோட வயல்ல இறங்கலாம்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் அண்ணே. இது தவறு, ஆபத்தும்கூட.

துல்லியமான தொடு உணர்வைத் தடித்த நரம்பிழைகள் கொண்டுபோகின்றன. அது தண்டுவடத்தில் அதே பக்கமாக ஏறி, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில்தான் பக்கம் மாறும். வலியும் சூடு குளிரும் வருவது மெல்லிய இழைகளில். அவை கொண்டுவரும் சேதி தண்டுவடத்துக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே எதிர்ப்பக்கம் தாண்டி, மூளைக்குள் சேதிகளை வாங்கி அனுப்பும் தலாமஸ் வழியாக மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகிறது. மிக மெல்லிய இழைகளின் வேகம் வினாடிக்குச் சுமார் 2 மீட்டருக்குள்தான். முள் குத்தினால் முதலில் சுரீர் என்று ஒரு வலி, அப்புறம் மெதுவாகக் கடுப்பு வருகிறதே, அந்த இடைவெளிக்குக் காரணம் இதுதான்.

சர்க்கரை நோயில் பலருக்கு இந்த மெல்லிய இழைகள்தான் முதலில் கெடுகின்றன. பாதத்தைத் தடவினால் தெரியும். சித்திரை வெயிலில் கும்பகோணம் தார்ரோடு சுட்டதோ, நடவுச் சேற்றில் நத்தை ஓடு கிழித்ததோ தெரியாமல் போகலாம். டாக்டர் பஞ்சால் தொட்டுப் பார்ப்பதோடு விட்டால், குத்தலையும் சூடு குளிரையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வயலிலிருந்து கரையேறியதும் கால் கழுவி, விரலிடுக்கு உட்பட இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள்.